தகப்பனாரின் தொழில்

எண்பத்து நாலாம் ஆண்டு ஆடி மாதம். சோளகக் காற்று பிடித்து அடித்துக்கொண்டிருந்த ஒரு முற்பகலில், ஊர்காவற்றுறைத் துறைமுகத்தடியில் இருந்த கடற்றொழிலாளர் சங்கக் கந்தோரில், அங்கே தட்டச்சு வேலை பார்த்த ஜசிந்தா ஒரு விண்ணப்பப் படிவத்தை விரித்து வைத்திருந்தாள். யன்னலால் வந்த காற்று படிவத்தின் மேல் மணலைத் தூவியது. ஊதி ஊதித் தட்டிப் பார்த்துவிட்டு, நாலு மூலைக்கும் நாலு சங்கை வைத்து அமத்தினாள்.

படிவம் அவளுடைய தம்பி றெஜினோல்டுக்கு. கொழும்பில் கப்பல் அதிகாரிகளைப் பயிற்றும் கல்லூரி ஒன்று இருந்தது. விடிய எழும்பி அணிநடை, வெள்ளைச் சட்டை, தோளில் பட்டி, கட்டிலில் ஒரு சுருக்கம் தெரிந்தால் தண்டனை என்று எல்லாம் பட்டாளப் பள்ளி மாதிரித்தான். "ஆமிக்காரற்றை பள்ளிக்கூடமோ பிள்ளை?" என்று தாய் சூசையம்மா முதல்முறை பயந்து கேட்டபோது, "இல்லையம்மா, சரக்குக் கப்பல். துவக்கு, வெடி ஒண்டும் இல்லை" என்று ஜசிந்தா விளங்கப்படுத்தியிருந்தாள்.

போன வருஷம் ஆனியில் றெஜி நேர்முகத்துக்குப் போய் வந்தான். வந்த பதில் இரண்டு வரி. தெரிவாகவில்லை, இருபது வயதுக்குள் இன்னும் ஒருமுறை விண்ணப்பிக்கலாம். அடுத்த தையில் அவனுக்கு இருபது முடிகிறது.

போன ஆடிக் கலவரத்துக்குப் பிறகு ஊரே மாறிவிட்டது. பத்தொன்பது வயதுப் பொடியனை வீட்டில் வைத்திருந்த தாய்மார், அவன் சைக்கிளை எடுத்தால் திரும்பி வரும்வரை படலையடியில் நின்றார்கள். ஆமியிடம் பிடிபட்டுப் போனவர்களும் உண்டு, வீட்டில் சொல்லாமல் இயக்கத்துக்கென்று வள்ளமேறிப் போனவர்களும் உண்டு. சூசையம்மா ஒரு சத்தம் கேட்டால் முதலில் மகனின் செருப்புக் கிடக்கிறதா என்றுதான் பார்ப்பாள்.

இடையில் கிடைத்த ஒரு வருஷத்தை ஜசிந்தா வீணாக விடவில்லை. தம்பியைக் கணித சோதனைக்குத் திரும்ப இருத்தினாள். இங்கிலீசு பழகப் பங்குத் தந்தையிடம் அனுப்பினாள். யாழ்ப்பாணத்துக்குக் கூட்டிப்போய் நீச்சலுக்குச் சான்றிதழ் எடுப்பித்தாள். கடலில் பிறந்து வளர்ந்தவனைக் குளத்தில் நீந்தவிட்டு மேலும் கீழும் பார்த்துக் கையெழுத்து வைத்தார்கள். இப்போது அவளிடம் தடித்த உறை ஒன்று நிறையப் பத்திரங்கள் இருந்தன.

படிவத்தின் ஐந்தாவது கேள்வியில் அவள் விரல் நின்றுவிட்டது. தகப்பனாரின் தொழில்.

போன வருஷம் அந்த இடத்தில் 'வர்த்தகர்' என்று அடித்தவள் அவள்தான். பிடிக்கிற மீனை அப்பு விற்கிறார்தானே, விற்பது வர்த்தகம்தானே என்று அப்போது தனக்கே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டாள். இந்த முறை படிவத்தில் புதிதாக ஒரு தாளும் இணைந்திருந்தது. விண்ணப்பதாரிக்குக் கடல் அனுபவம் உண்டானால் அது யாருக்குக் கீழ், எத்தனை வருஷம், என்னென்ன வேலை என்று பழக்கிய ஆளே சமாதான நீதவான் முன்னிலையில் சொல்லி ஒப்பமிட வேண்டும்.

அவள் தட்டச்சுப் பொறியை மூடிவிட்டுக் கடற்கரைக்கு இறங்கினாள்.

றெஜி கவிழ்த்துப் போட்ட வள்ளத்துக்கு மீனெண்ணெய் பூசிக்கொண்டிருந்தான். முழங்கை வரை மினுங்கியது.

"றெஜி, போன முறை நேர்முகத்தில உன்னட்டை என்ன கேட்டவை?"

"அது முடிஞ்ச கதை அக்கா."

"முடிஞ்ச கதையெண்டால் நான் ஏன் இன்னொருக்கா ரைப் அடிக்கிறன்? சொல்லு."

அவன் துணியைத் தகரத்துக்குள் போட்டான். "மூண்டு பேர் இருந்தவை. நடுவில ஒரு வயசான கப்பல் கப்ரின். 'உம்மடை தகப்பன் வர்த்தகர் எண்டு கிடக்கு. என்ன சாமான் விக்கிறவர்?' எண்டு கேட்டார். மீன் எண்டன். 'கடை வைச்சிருக்கிறாரோ?' இல்லையெண்டன். 'அப்ப மீனை எங்கை வாங்கிறவர்?'"

"நீ என்ன சொன்னனி?"

"என்னத்தைச் சொல்லுறது? 'தானே போய்ப் பிடிக்கிறவரோ?' எண்டார். ஓம் எண்டன். ஒருத்தர் சிரிச்சுப்போட்டார். கப்ரின் சிரிக்கேல்லை. 'கடலுக்கு வரப்போற பொடியன் கடலை ஒளிச்சு வைச்சுக்கொண்டு வந்திருக்கிறான்' எண்டு சொன்னார். பேந்து காத்தைப் பற்றிக் கேட்டார், நீரோட்டத்தைப் பற்றிக் கேட்டார். எல்லாம் எனக்குத் தெரிஞ்சதுதான் அக்கா. வாய் வரேல்லை."

"ஏன்ரா எனக்கு இதைச் சொல்லேல்லை?"

"சொன்னால் உனக்கு நோகும். அப்புவுக்குத் தெரிஞ்சால் அவருக்கு இன்னும் நோகும்."

ஜசிந்தா வள்ளத்தின் விளிம்பில் கை வைத்தாள். எண்ணெய் கையில் ஒட்டியது. துடைக்கத் தோன்றவில்லை.

அடுத்த நாள் மத்தியானம் தகப்பன் எமிலியானுஸ் வீட்டு முற்றத்தில் பூவரசு நிழலில் கால் நீட்டியிருந்து கிழிந்த வலையை விரலால் தடவித் தடவிப் பொத்திக்கொண்டிருந்தார். சோளகம் கடுமையாக அடிக்கிற நாளில் கரையில் இதுதான் வேலை. ஜசிந்தா கொப்பியும் பென்சிலுமாக முன்னால் வந்து இருந்தாள். போன வருஷத்துக் கதையை அவருக்குச் சொல்லத்தான் வந்தாள். ஆனால் "தம்பி கடலில என்னென்ன செய்தவன் எண்டு நீங்கள் சொல்லவேணும் அப்பு, எழுதி அனுப்பச் சொல்லியிருக்கு" என்று தொடங்கியதுமே அந்த மனிதரின் முகம் விரிந்த விரிவைப் பார்த்து, சொல்ல வந்ததை விழுங்கிவிட்டாள்.

"நான் சொல்லுறதையோ? கொழும்பில இருக்கிறவங்களுக்கோ?"

"ஓம். உங்களுக்குக் கீழைதானே அவன் பழகினவன்."

"அப்ப எழுது. பதினொரு வயசில வள்ளத்தில ஏறினவன். முதல் நாள் சத்தியெடுத்தவன். அதை எழுதாதை."

"எழுதேல்லை."

"பதின்மூண்டில பாய் கட்டப் பழகிட்டான். பதினஞ்சில சுக்கான் குடுத்தனான். வானத்து வெள்ளி பார்த்துத் திசை பிடிக்கத் தெரியும். தண்ணியின்ர நிறத்தைப் பார்த்து ஆழம் சொல்லுவான். எழுவைதீவுக்கு மேற்காலை கல்லுக் கிடக்கு, அதுக்குள்ளால பகலில வள்ளம் விடவே ஆக்கள் பயப்பிடுவினம். இவன் விடுவான்."

குசினியிலிருந்து சூசையம்மா ஒடியல் கூழை மூன்று கோப்பைகளில் கொண்டுவந்தாள். நண்டும் பயற்றங்காயும் மேலே மிதந்தன.

"மெய்யே, பெத்தவர் புழுகினால் அவங்கள் நம்புவாங்களோ?" என்றாள்.

"புழுகோ? நான் என்ன புழுகினனான்? எட்டு வருஷம் என்ர முதுகுக்குப் பின்னால இருந்தவன். நான் சொல்லாமல் ஆர் சொல்லுறது? எழுது பிள்ளை. இயந்திரம் கழட்டிப் பூட்டுவான். அவசரத்தில கத்தமாட்டான். போன மார்கழி வாடைக்குள்ளை..." என்று தொடங்கியவர் நிறுத்திவிட்டுக் கூழை ஊதினார்.

"போன மார்கழி என்ன அப்பு?"

"அது வேண்டாம். மற்றதை எழுது."

அவள் இரண்டு பக்கத்துக்கு இங்கிலீசில் அடித்து முடித்தாள். ஐந்தாவது கேள்விக்கு நேரே 'கடற்றொழிலாளி' என்று அடித்தாள். ஆடி முப்பத்தொன்றுதான் தபாலில் போடக் கடைசி நாள். கையில் ஆறு நாட்கள் இருந்தன. வெள்ளிக்கிழமை தகப்பனும் மகளும் பஸ் ஏறி வேலணைக்குப் போனார்கள். எமிலியானுஸ் தோய்த்து மடித்த வெள்ளை வேட்டி உடுத்து, கோயிலுக்குப் போடுகிற சட்டையைப் போட்டிருந்தார்.

சமாதான நீதவான் ஐயாத்துரை, புகையிலைத் தோட்டமும் கல்வீடும் உள்ளவர். கெட்ட மனிதரில்லை. ஒப்பத்துக்கு வருகிற எவரையும் திருப்பி அனுப்பியதில்லை. விறாந்தையில் கதிரையைக் காட்டி, "இரும் பிள்ளை" என்று ஜசிந்தாவுக்குச் சொன்னார். எமிலியானுஸ் தூணோடு நின்றுகொண்டார். அவரை இருக்கச் சொல்ல ஐயாத்துரைக்கு நினைவு வரவில்லை. இவருக்கும் இருக்க நினைவு வரவில்லை.

ஐயாத்துரை கண்ணாடியைப் போட்டுப் படிவத்தை வாசித்தார். ஐந்தாவது கேள்வியில் விரலை வைத்தார்.

"இதென்ன பிள்ளை, மாத்திப்போட்டீர்? போன முறை வர்த்தகர் எண்டுதானே போட்டுக்கொண்டு வந்தனீர்? நான் ஒப்பம் வைச்சது எனக்கு நல்ல ஞாபகம். அதுதான் பார்க்கவும் மதிப்பு. கடற்றொழில் எண்டு கண்டால் கொழும்பில தூக்கி ஒருபக்கம் போட்டுடுவாங்கள். வர்த்தகர் எண்டே விடும்."

தகப்பனைத் திரும்பிப் பார்க்க ஜசிந்தாவுக்குத் துணிவு வரவில்லை.

"இல்லை ஐயா. இந்த முறை உள்ளதைத்தான் போடுறன்" என்றாள்.

"உம்மடை விருப்பம். எங்கை, தகப்பன் வந்து இதில ஒப்பம் வையும்."

திரும்பிப் பார்த்தபோது தூணடியில் ஆளில்லை. எமிலியானுஸ் படலையைத் தாண்டி பஸ் தரிப்பிடம் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தார். சோளகம் அவருடைய வேட்டியைக் காலோடு சுற்றியது. அவர் அதைப் பிடிக்கவுமில்லை.

பஸ்ஸில் அவர் முன் இருக்கையில் இருந்தார். அவள் பின்னால் இருந்தாள்.

வீட்டில் அவர் யாருக்கும் ஏசவில்லை. அதுதான் சூசையம்மாவுக்குப் பயமாக இருந்தது. புட்டும் திருக்கை வறையும் அவருக்கு வைத்த கோப்பை தொடாமலே கிடந்து ஈ மொய்த்தது. சனிக்கிழமை, ஒருவரும் கடலுக்கு இறங்காத காற்றில், கரையோரத்துக் களங்கண்டி வலையைப் பார்க்கிறேன் என்று இடுப்பளவு தண்ணீரில் தனியே இறங்கிப்போய், நனைந்து விறைத்து வந்தார்.

"என்ன நடந்ததெண்டு ஒருதரும் சொல்லுறியள் இல்லை" என்று சூசையம்மா மகளைப் பிடித்தாள். ஜசிந்தா சொன்னாள். தாய், "அந்த மனுசன் உன்னைப் பற்றி எல்லாரிட்டையும் சொல்லித் திரியிறது உனக்குத் தெரியுமோ? என்ர மகள் கந்தோரில ரைப் அடிக்கிறவள் எண்டு" என்றாள். பிறகு, "போய் நீயே கதை. என்னால ஏலாது" என்று குசினிக்குள் போய்விட்டாள்.

றெஜி வந்து, "அக்கா, விடு. எனக்கு ஒண்டும் வேண்டாம். நான் அப்புவோட வலைக்குப் போறன்" என்றான்.

"நீ வாயை மூடு" என்றாள் ஜசிந்தா. தம்பி மேல் அவளுக்குக் கோபமில்லை. அழுகைதான் வந்தது.

ஞாயிறு பூசை முடிந்து சனம் கலைந்த பிறகு, கரையில் வள்ளத்தருகே தகப்பனைக் கண்டாள். அவர் நங்கூரக் கயிறு திரித்துக்கொண்டிருந்தார். அவள் மணலில் இருந்தாள்.

"தம்பிக்கு அதில ஒண்டும் இல்லை அப்பு. நான்தான் வர்த்தகர் எண்டு அடிச்சனான். அவனுக்குத் தெரியாது."

"எனக்குத் தெரியும்."

"எப்பிடித் தெரியும்?"

"அவன் பொய் சொல்லத் தெரியாதவன். அப்ப நீதான்." அவர் கயிற்றை இழுத்துப் பார்த்தார். "அதை அடிக்கேக்கை என்ன நினைச்சனி?"

"அவனை எப்பிடியாவது உள்ளை எடுக்கவேணும் எண்டு நினைச்சனான்." அவள் நிறுத்தினாள். "அதோட வெக்கமும் இருந்தது. கன்னியர் பள்ளிக்கூடத்தில தகப்பன்ர தொழில் கேட்டு எழுப்பேக்கை நான் தொண்டைக்குள்ளைதான் சொல்லுறனான். அது போகேல்லை."

"எனக்குத் தெரியும். நீ வெள்ளைச் சட்டையோட வருவாய். நான் மீன் கூடையோட சந்தியில நிப்பன். கண்டவுடனை கோயில் தெருவால திரும்பிடுவாய்."

"பார்த்தனீங்களோ?"

"பார்க்காமல்? பேந்து நான்தான் தெரு மாறினனான். நீ ஏன் சுத்தி நடக்கவேணும் எண்டு."

ஜசிந்தா முகத்தை முழங்காலுக்குள் புதைத்து அழுதாள். எமிலியானுஸ் தடுக்கவில்லை. கயிறு திரித்து முடியும்வரை விட்டுவிட்டு, பிறகு மெதுவாகச் சொன்னார்.

"நேற்று முழுக்க உன்னில கோபமாத்தான் இருந்தனான். இரவு யோசிச்சுப் பார்த்தன். அண்டைக்கு உனக்குச் சொல்லேக்கை நானும் ஒண்டை ஒளிச்சனான் பிள்ளை. அதை எழுதினால்தான் அவனுக்குச் சரியான பலம்."

"போன மார்கழியோ?"

"ஓம். நானும் அவனும்தான். பெருமழை. மழை விட, ஒரு கரை தெரிஞ்சுது. நான் நயினாதீவு எண்டன். 'இல்லை அப்பு, நெடுந்தீவு. நயினாதீவெண்டால் கோயில் கோபுரம் தெரியவேணும்' எண்டான். நான் ஏசினன். துடுப்பை ஓங்கினன். நான் பிடிச்ச பிடிக்கு விட்டிருந்தால் நேரே பெருங்கடல். அவன் என்ர கையை எடுத்துவிட்டுட்டுச் சுக்கானைப் பிடிச்சான். வீட்டை வரவும் பார்க்கேல்லை. வாடை எதிர்க்காத்து. நெடுந்தீவின்ர காத்துப் படாத ஒதுக்குப் பக்கத்தில கொண்டுபோய் நங்கூரம் போட்டுட்டு, காத்துத் தணியுமட்டும் என்னைப் பிடிச்சு இருத்தி வைச்சிருந்தான்."

"மழைக்கு ஒதுங்கினனாங்கள் எண்டுதானே எங்களுக்குச் சொன்னனீங்கள்."

"அப்பிடித்தான் சொன்னனான். அவனிட்டையும் சத்தியம் வாங்கினனான்."

"ஏன் அப்பு? முப்பது வருஷம் கடலில நிண்ட உங்களுக்கு எப்பிடிக் கரை பிழைச்சது?"

அவர் கண்ணைக் கசக்கினார். "எனக்குக் கோபுரம் இருந்தாலும் தெரியாது பிள்ளை. ஒண்டரை வருஷமா வலது கண்ணில புகை. இப்ப மற்றதிலையும். உன்ர முகமே எனக்கு நிழலாத்தான் தெரியுது. வெளியில தெரிஞ்சால் ஆர் என்ர வள்ளத்தில ஏறுவான்? உன்ர கொம்மா விடுவாவோ?"

ஜசிந்தா அவரையே பார்த்தாள். அவர் விரலால் தடவித் தடவி வலை பொத்தியதும், கூழ்க் கோப்பையைத் தொட்டுப் பார்த்து எடுத்ததும் அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. தம்பி ஒரு நாளும் விடாமல் அவரோடு போனதும் விளங்கியது.

"அவன் போயிட்டான் எண்டால் உங்களுக்கு ஆர்?"

"அதுக்காகத்தான் ஒளிச்சனான் எண்டு நினைக்கிறியோ?" என்றார். பிறகு, "கொஞ்சம் அப்பிடியும்தான்" என்றார். "எழும்பு. கந்தோர்ப் பூட்டின்ர திறப்பு உன்னட்டைத்தானே கிடக்கு? இண்டைக்கே அடி. கண் கதையையும் சேர்த்து அடி."

அந்தப் பின்னேரம் கந்தோரில் தகப்பன் சொல்லச் சொல்ல அவள் மூன்றாவது பக்கத்தை அடித்தாள். சொல்லி முடித்தபின் எல்லாவற்றையும் தமிழில் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டார். துடுப்பை ஓங்கியதை அவள் விட்டிருந்தாள். "அதையும் போடு" என்றார்.

திங்கட்கிழமை ஐயாத்துரையின் விறாந்தையில், "எனக்கு நிண்டுகொண்டு ஒப்பம் வைக்க ஏலாது ஐயா, கண் சரியில்லை" என்று எமிலியானுஸ் கதிரையை இழுத்து இருந்தார். ஐயாத்துரை மூன்றாவது பக்கத்தை இரண்டு தரம் வாசித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"உம்மடை கண்ணைப் பற்றி இவ்வளவு விளக்கமாப் போடத்தான் வேணுமோ? ஊரில கதை பரவும்."

"பரவட்டும். போடுங்கோ."

ஜசிந்தா தகப்பனின் விரலைப் பிடித்துக் கோட்டின் மேல் வைத்தாள். அவர் பெயரை எழுத்துக்கூட்டி எழுதினார். ஐயாத்துரை முத்திரை குத்திவிட்டு உள்ளே பார்த்து, "மூண்டு தேத்தண்ணி கொண்டு வாங்கோ" என்று குரல் கொடுத்தார். அன்றைக்கே உறை பதிவுத் தபாலில் போனது.

வீட்டில்தான் பெரிய சண்டை. சூசையம்மா அகப்பையோடு முற்றத்துக்கு வந்துவிட்டாள். "கண் தெரியாத மனுசனோடையோ நான் இவ்வளவு நாளும் பிள்ளையைக் கடலுக்கு விட்டனான்? கர்த்தரே! இனி ஆஸ்பத்திரி வாசல் மிதிக்காமல் இந்த வீட்டில ஒருதருக்கும் சோறில்லை!" ஆவணி நடுவில் யாழ்ப்பாணத்துப் பெரியாஸ்பத்திரியில் எமிலியானுசின் வலது கண்ணை வெட்டிச் சத்திரசிகிச்சை செய்தார்கள். பழுத்த கண்புரைதான், இன்னும் இரண்டு வருஷம் விட்டிருந்தால் வில்லங்கம் என்று வைத்தியர் சொன்னார். வள்ளத்தைச் சூசையம்மாவின் தமையன் பஸ்ரியாம்பிள்ளை பொறுப்பெடுத்தார். கண் கட்டோடு கட்டிலில் கிடந்த ஆளைப் பார்க்க, யாருக்குத் தெரியக்கூடாதென்று இவர் பயந்தாரோ அத்தனை பேரும் வந்தார்கள். ஒருவன்கூடக் குத்திக் கதைக்கவில்லை. "எங்களுக்கு அப்பவே ஒரு சமுசயம், சொன்னால் கோவிப்பியள் எண்டு விட்டனாங்கள்" என்று ஒருவன் சொன்னபோது எமிலியானுஸ் கட்டுக்குக் கீழே சிரித்தார்.

புரட்டாதியில் நேர்முகத்துக்கு அழைப்பு வந்தது. றெஜி யாழ்தேவி ரயிலில் போனான். போன நாளும் நின்ற நாளும் சூசையம்மா கையில் செபமாலை இறங்கவில்லை. மூன்றாம் நாள் மத்தியான பஸ்ஸில் அவன் இறங்கி வந்தபோது, தாய் முதலில் அவன் கை காலைத்தான் தடவிப் பார்த்தாள். பிறகுதான் மற்றக் கதை.

"அதே கப்ரின்தான்" என்றான் றெஜி, ஒரு செம்பு தண்ணீரை அண்ணாந்து குடித்துவிட்டு. "அப்புவின்ர கடுதாசியை முன்னுக்கு வைச்சிருந்தார். வேற ஒண்டையும் கேக்கேல்லை. 'ஏன் நேரே வீட்டை வரப் பார்க்கேல்லை?' எண்டார். காத்து வீட்டுப் பக்கமிருந்து வந்தது சேர் எண்டன். 'தகப்பன் அடிக்க வந்தவர் எண்டு போட்டிருக்கு. பயமில்லையோ?' எண்டார். அவருக்குத்தான் கண் தெரியாது, எனக்குக் கரை தெரிஞ்சுது எண்டன். அரை மணித்தியாலம் கதைச்சன் அக்கா. என்ர இங்கிலீசு பிழைபிழையாத்தான் வந்தது. நிக்கேல்லை, வந்துகொண்டே இருந்தது."

"அவர் என்ன சொன்னவர்?" என்று கட்டிலில் இருந்தபடி எமிலியானுஸ் கேட்டார்.

"உங்கடை கண்ணுக்கு என்ன செய்தவை எண்டு கேட்டவர். வெட்டியாச்செண்டன். நல்லது எண்டார்."

கடிதம் ஐப்பசி கடைசியில் வந்தது. முதல் மழை பெய்து ஓய்ந்த காலை. தபாற்காரர் சங்கக் கந்தோரிலேயே அதை ஜசிந்தாவின் கையில் கொடுத்தார். அவள் அங்கேயே பிரித்து, நின்றபடி வாசித்து, குடையைக் கந்தோரிலேயே விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினாள். ஓடி வருகிற பிள்ளையைக் கண்டு சூசையம்மா நெஞ்சில் கை வைத்தாள்.

"எடுத்திட்டினம் அம்மா! கார்த்திகை பதினைஞ்சாம் திகதி போகவேணும். எடுத்திட்டினம்!"

சூசையம்மா அப்படியே குசினி வாசலில் இருந்துவிட்டாள். அழுகையும் சிரிப்புமாக என்னவோ சொன்னாள். ஒருவருக்கும் விளங்கவில்லை. றெஜி கடிதத்தைத் தமக்கையிடமிருந்து வாங்கவில்லை. அவளைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றி இறக்கினான். சின்ன வயதுக்குப் பிறகு அவன் அவளைத் தொட்டுத் தூக்கியது அன்றுதான்.

"இஞ்சை கொண்டா அதை" என்றார் எமிலியானுஸ். போத்தல் அடி மாதிரித் தடித்த புதுக் கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு, கடிதத்தை இரண்டு கையாலும் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினார். இங்கிலீசில் ஓர் எழுத்தும் தெரியாதவர், மேலிருந்து கீழ்வரை வரி வரியாகப் பார்த்தார். ஒவ்வொரு வரியாக விரலை இறக்கினார்.

"வாசிக்கட்டோ அப்பு?" என்றாள் ஜசிந்தா.

"பொறு, பொறு. எழுத்தெல்லாம் நல்ல கறுப்பாத் தெரியுது" என்றார் அவர்.